கிடைக்காத பழைய கௌபாய் படத்தைத் தேடிப் பிடிப்பது: இராமநாதபுரம் கடற்கரை ரசிகர்களுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லா இடத்திலும் தேடியாயிற்று, அந்தப் படம் மட்டும் கிடைக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

தேடுவதை நிறுத்திவிட்டு ஒரு தாளில் மூன்று விவரங்களை எழுதுங்கள்: படத்தின் மூலப்பெயர், வெளியான ஆண்டு, முழு ஓட்ட நேரம். ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் மூன்றும் இருக்கும். கிடைக்கவில்லை என்று கைவிடப்படும் படங்களில் பெரும்பாலானவை எங்கோ கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வேறு பெயரில் இருக்கும், அல்லது வேறு நீளத்தில் இருக்கும். இந்த மூன்றும் கையில் இருந்தால்தான் எதிரே வருவது நீங்கள் தேடும் படமா என்று சொல்ல முடியும்.

ஆண்டை விட்டுவிடாதீர்கள். ‘3:10 டு யூமா’ என்று தேடினால் 2007 படம்தான் முன்னால் வந்து நிற்கும். க்ளென் ஃபோர்டு நடித்தது 1957. ‘ட்ரூ கிரிட்’ 1969-லும் 2010-லும், ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ 1960-லும் 2016-லும் வந்தன.

பெயரே தெரியாது. சின்ன வயதில் பார்த்த ஒரு காட்சி மட்டும் நினைவில் இருக்கிறது. கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். கதையை நினைவுபடுத்த முயல வேண்டாம். பழிவாங்கல், தங்கம், வங்கிக் கொள்ளை என்று எல்லாக் கதைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பொருள்களையும் ஒலிகளையும் நினைவுபடுத்துங்கள். மனதில் தங்குவதும் அவைதான், படத்தைக் காட்டிக்கொடுப்பதும் அவைதான்.

சேற்றில் சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவன் நடந்து வந்தால் அது ‘ஜாங்கோ’ (1966, ஃபிராங்கோ நீரோ). பேச முடியாத துப்பாக்கி வீரன், படம் முழுக்கப் பனி என்றால் ‘தி கிரேட் சைலன்ஸ்’ (1968). பாட்டுப் பாடும் பாக்கெட் கடிகாரம், அது நின்றதும் சுட வேண்டும் என்றால் ‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’ (1965). மவுத் ஆர்கன் வாசிப்பவன் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968) படத்தின் சார்லஸ் பிரான்சன். வட்ட வடிவக் கல்லறைத் தோட்டத்தில் மூன்று பேர் எதிரெதிரே நின்றால் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ (1966). காலைச் சூரியனில் ஒரு பாறைத் தூணின் நிழல் நீண்டுபோய்த் தங்கப் பள்ளத்தாக்கைக் காட்டுவது ‘மெக்கன்னாஸ் கோல்டு’ (1969). இந்தியாவில் சக்கைப்போடு போட்ட படம் என்பதால், தாத்தா தலைமுறையினர் சொல்லும் ‘தங்கமலை கௌபாய் படம்’ பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். குடும்பத்தைக் கொன்றவர்களின் அடையாளங்களை ஒவ்வொன்றாக நினைவில் வைத்திருக்கும் சிறுவன் வளர்ந்து தேடிப் போனால் ‘டெத் ரைட்ஸ் எ ஹார்ஸ்’ (1967). அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, பன்னிரண்டு மணி ரயிலுக்காக ஊரே நடுங்கினால் ‘ஹை நூன்’ (1952), கறுப்பு வெள்ளை.

நிலத்தையும் கவனியுங்கள். சமவெளியில் செந்நிறப் பாறைக் கோபுரங்கள் தனித்தனியாக நின்றால் அது அமெரிக்காவின் மான்யுமென்ட் வேலி. இயக்குநர் ஜான் ஃபோர்டின் படமாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளிறிய மண்மேடுகள், நீர் அரித்த ஓடைப் பள்ளங்கள், வெள்ளையடித்த சுவர்கள் என்றால் ஸ்பெயினின் அல்மேரியா. அப்படியானால் பெரும்பாலும் இத்தாலியர் எடுத்த கௌபாய் படம். புதர்களை நம்ப வேண்டாம். டெக்சஸ் பின்னணிப் படங்களில் வரும் மெஸ்கீட் புதர் நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். சாயல்குடிப் பக்கம் பார்த்ததுபோலவே இருக்கும்.

எதுவுமே பொருந்தவில்லை என்றால் ஒரு கேள்வி: நீங்கள் பார்த்தது தமிழ்ப் படமாக இருக்குமோ? எம். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ (1972) போன்ற படங்களில் தொப்பி, குதிரை, பொட்டல் காடு எல்லாம் உண்டு. ஐம்பது வருடம் கழித்து நினைவில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

ஒரே படத்துக்கு ஏன் இத்தனை பெயர்?

அறுபதுகளின் இத்தாலியப் படங்கள் பல, இத்தாலி, ஸ்பெயின், மேற்கு ஜெர்மனி நிறுவனங்கள் கூட்டாக எடுத்தவை. ஒவ்வொரு நாட்டிலும் விற்றவர் தனக்குப் பிடித்த பெயரை வைத்தார். செர்ஜியோ லியோனியின் 1971 படம் இத்தாலியில் ‘ஜூ லா தெஸ்தா’. ஆங்கிலத்தில் ‘டக், யூ சக்கர்’ என்றும் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டைனமைட்’ என்றும் வந்தது. ‘ஒன்ஸ் அபான் எ டைம்... தி ரெவல்யூஷன்’ என்ற பெயரும் உண்டு. நான்கும் ஒரே படம். ஒரு பெயரில் தேடிக் கைவிட்டவர்கள் அடுத்த பெயரில் தேடியிருந்தால் அன்றே கிடைத்திருக்கும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ‘ஜாங்கோ’ ஓடியதைப் பார்த்து, சம்பந்தமே இல்லாத பல படங்களுக்கு அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். அட்டையில் பெயர் மட்டும் இருந்தால் போதாது. இயக்குநர் செர்ஜியோ கோர்புச்சி, நடிகர் ஃபிராங்கோ நீரோ, ஆண்டு 1966 என்ற மூன்றும் பொருந்த வேண்டும்.

தேடும்போது இத்தாலியப் பெயரை இத்தாலிய எழுத்துக்கூட்டலிலேயே இடுங்கள். ஐஎம்டிபி பக்கத்தில் ‘வேறு பெயர்கள்’ பகுதியிலிருந்து நகல் எடுத்து ஒட்டினால் பிழை வராது.

படம் கிடைத்துவிட்டது. ஆனால் ஓட்ட நேரம் குறைவாகக் காட்டுகிறது. வெட்டிவிட்டார்களா?

கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். காரணம் இரண்டு விதம்.

முதலாவது, வேக மாற்றம். திரையரங்கப் படம் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடும். ‘பால்’ (PAL) எனப்படும் ஒளிபரப்பு முறையைச் சேர்ந்த டிவிடியிலும் தொலைக்காட்சியிலும் 25 ஆக ஓட்டுவார்கள். அதனால் நேரம் 4 சதவீதம் சுருங்கும், காட்சி எதுவும் போகாது. மூல நேரத்தை 0.96-ஆல் பெருக்கிப் பாருங்கள். 165 நிமிடப் படம் 158 என்று காட்டினால் அது முழுப்படம்தான். குரலும் இசையும் ஒரு நூலிழை உச்சத்தில் கேட்கும், அவ்வளவே.

இரண்டாவது, உண்மையான வெட்டு. ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ 165 நிமிடம். அமெரிக்காவில் வெளியானபோது 145-ஆகக் குறைத்தார்கள். ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ அமெரிக்கத் திரையரங்கில் 161. 2003-ல் விடுபட்ட காட்சிகளைச் சேர்த்தபின் 179. ‘டக், யூ சக்கர்’ முழுமையாக 157. அமெரிக்காவில் முதலில் வந்தது 121 மட்டுமே. அரை மணி நேரத்துக்கு மேல் போய்விட்டால் அதை அந்தப் படம் என்று சொல்வதே கஷ்டம். யார் யாருக்கு நண்பன், ஏன் துரோகம் என்பதே புரியாது.

‘பேட் காரெட் அண்ட் பில்லி தி கிட்’ (1973) இன்னும் சிக்கல்: 106, 115, 122 நிமிடம் என்று பல வடிவங்கள். 106 திரையரங்கில் ஓடியது. 122 இயக்குநர் சாம் பெக்கின்பாவின் முன்னோட்டப் பிரதியை ஒட்டியது. 115 பின்னால் 2005-ல் தொகுத்தது. முதல் முறை பார்ப்பவர்களுக்கு 122-ஐப் பரிந்துரைக்கிறோம். சில இடங்களில் கரடுமுரடாக இருந்தாலும் படத்தின் மூச்சு அதில்தான் இருக்கிறது.

எந்த ஓடிடியில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாட்டை ‘இந்தியா’ என்று வைத்துத் தேடுங்கள். நாட்டை மாற்றாமல் அமெரிக்கப் பட்டியலைப் பார்த்து ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. ‘சந்தா’, ‘வாடகை’, ‘விலைக்கு’ என்ற மூன்று பிரிவையும் பாருங்கள். சந்தாவில் இல்லாத பழைய படம் யூடியூபிலோ ஆப்பிள் டிவியிலோ வாடகைக்குக் கிடைப்பதுண்டு. வாடகை எடுத்தபின் பார்க்கத் தொடங்கினால் வழக்கமாக 48 மணி நேரம்தான் கெடு. நள்ளிரவில் தொடங்கிவிட்டு மறுநாள் மின்தடையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பட்டியல் மாதாமாதம் மாறும். ஆனால் படம் யாருக்குச் சொந்தம் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது, அதை வைத்துத் தேடினால் அலைச்சல் குறையும். லியோனியின் டாலர் படங்களும் (‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’, ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ முதலியவை) 1960 ‘மேக்னிஃபிசென்ட் செவ’னும் எம்ஜிஎம் கிடங்கில் உள்ளவை, எம்ஜிஎம்மை 2022-ல் அமேசான் வாங்கிவிட்டதால் முதலில் பிரைம் வீடியோவில் பாருங்கள். ‘ஷேன்’, ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ பாரமவுண்ட். ‘தி சர்ச்சர்ஸ்’, ‘ரியோ பிராவோ’, ‘தி வைல்டு பன்ச்’ வார்னர். ‘மெக்கன்னாஸ் கோல்டு’ கொலம்பியா, அதாவது சோனி. ‘புட்ச் காசிடி அண்ட் தி சன்டான்ஸ் கிட்’ ஃபாக்ஸ், இப்போது டிஸ்னி.

கூட்டுத் தயாரிப்பான மற்ற இத்தாலியப் படங்களுக்கு இந்த வழி உதவாது. உரிமை நாட்டுக்கு நாடு சிதறிக் கிடப்பதால் இந்திய ஓடிடிகளில் அவை அபூர்வம். அவற்றுக்கு டிஸ்க்தான் கதி.

இலவசமாக, சட்டப்படி பார்க்க வழி உண்டா?

உண்டு. அமெரிக்காவில் 1964-க்கு முன் வெளியான படங்களுக்கு 28-ம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. புதுப்பிக்கத் தவறியவை பொதுவுடைமை ஆகிவிட்டன, அதாவது உரிமை யாரிடமும் இல்லை. ஜான் வெய்னின் ‘ஏஞ்சல் அண்ட் தி பேட்மேன்’ (1947), எரல் ஃப்ளின்னின் ‘சான்டா ஃபே டிரெயில்’ (1940), மார்லன் பிராண்டோ தானே இயக்கி நடித்த ‘ஒன்-ஐடு ஜாக்ஸ்’ (1961) ஆகியவை அப்படிப்பட்டவை. 1929 வரை வந்த அமெரிக்கப் படங்களும் அங்கே பொதுவுடைமை. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் கிடைக்கும். 1903-ன் ‘தி கிரேட் டிரெயின் ராபரி’, சுமார் 12 நிமிடம், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்திலேயே நல்ல பிரதியாக இருக்கிறது. இந்தியச் சட்டப்படி திரைப்பட உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்.

ஒரு எச்சரிக்கை. பொதுவுடைமை ஆன படத்தை யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்பதால், தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்த மங்கல் வடிவங்களே அதிகம் உலவுகின்றன. ‘ஒன்-ஐடு ஜாக்ஸ்’ படத்தின் கடற்கரைக் காட்சிகளை அப்படிப் பார்த்தால் அலைக்கும் மணலுக்கும் வித்தியாசமே தெரியாது. 2016-ல் புதுப்பித்த வடிவத்தைத் தேடிப் பாருங்கள். அலை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் உடனே புரியும்.

மச்சான் துபாயிலிருந்து டிஸ்க் வாங்கி வந்தார். இங்கே ஓடவில்லை. பழுதா?

பழுது இல்லை, மண்டலப் பூட்டு: ஒரு மண்டலத்து டிஸ்க் வேறு மண்டலத்து பிளேயரில் ஓடாதபடி வைத்த தடை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

டிவிடியில் இந்தியா மண்டலம் 5. வளைகுடா நாடுகளும் ஐரோப்பாவும் 2. மலேசியா, சிங்கப்பூர் 3. அமெரிக்கா 1. ப்ளூ-ரேயில் இந்தியா ‘சி’, வளைகுடாவும் ஐரோப்பாவும் ‘பி’, அமெரிக்கா, மலேசியா, சிங்கப்பூர் ‘ஏ’. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்குக்கு மண்டலமே கிடையாது; ஆனால் அதற்கான தனி பிளேயர் வேண்டும், சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் ஓடாது.

பின்னட்டையில் சிறிய உலக உருண்டைக்குள் எண் இருக்கும். 0 அல்லது ‘ஆல்’ என்றால் எங்கும் ஓடும். ப்ளூ-ரேயில் அறுகோணத்துக்குள் எழுத்து. வாங்கும் முன் அந்த இடத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வார்னர் வெளியிட்ட ப்ளூ-ரேக்கள் பெரும்பாலும் பூட்டு இல்லாதவை. அபூர்வ இத்தாலியப் படங்களை வெளியிடும் சிறு நிறுவனங்கள்தான் பூட்டுவார்கள்: அமெரிக்காவின் கினோ லார்பர், கிரைடீரியன் டிஸ்குகள் பெரும்பாலும் ‘ஏ’, இங்கிலாந்தின் ஆரோ பல நேரம் ‘பி’.

வாங்கிய டிவிடியை ஓட்ட மூன்று வழி. மலிவான பிளேயர்கள் சிலவற்றில் ரிமோட்டில் ஒரு குறியீடு அழுத்தினால் எல்லா மண்டலமும் திறக்கும். மாடல் எண்ணோடு தேடுங்கள். இரண்டாவது, கணினியில் விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருள். பல டிவிடி டிரைவ்களில் மண்டலம் பாராமல் ஓட்டிவிடும். மூன்றாவது, டிரைவின் மண்டலத்தையே மாற்றுவது. இதில் கவனம் தேவை: ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவது முறை வைத்தது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். நல்ல டிரைவை இதற்காகக் கெடுக்க வேண்டாம். ப்ளூ-ரேக்கு விஎல்சி வழி எளிதில் கைகொடுக்காது. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயரே வேண்டும்.

பின்னட்டையில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஓட்ட நேரம் முதலில். அடுத்து அகல விகிதம். இந்தப் படங்களில் பல 2.35:1 அகலத்திரை. ‘4:3’ அல்லது ‘ஃபுல் ஸ்கிரீன்’ என்று போட்டிருந்தால் படத்தின் இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். லியோனி ஆட்களைத் திரையின் இரு ஓரத்திலும் நிறுத்தி, நடுவே வெறும் வெளியை வைப்பவர். சதுரத் திரையில் ஒருவர் மூக்கும் காலி மண்ணும்தான் மிஞ்சும். அதை வாங்காதீர்கள், இலவசமாகக் கிடைத்தாலும் முதல் தடவை அதில் பார்க்காதீர்கள். ‘ஷேன்’, ‘ஹை நூன்’, ‘ஸ்டேஜ்கோச்’ போன்றவை அந்தக் காலக் குறுகிய சட்டகத்தில் எடுத்தவை. அவற்றில் கறுப்புப் பட்டை பக்கவாட்டில் வருவதே சரி.

பழைய விசிடி கிடைத்தால்? 352-க்கு 288 புள்ளிதான். படத்தை அடையாளம் காண உதவும், பார்க்க உதவாது.

எந்த மொழி ஒலியில் பார்ப்பது?

அமெரிக்கப் படம் என்றால் ஆங்கிலம், கேள்வியே இல்லை. இத்தாலியப் படங்களைப் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்யவில்லை. நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசினார்கள், எல்லாம் பின்னால் டப்பிங். ஆகவே ‘மூல ஒலி’ என்று ஒன்று இல்லை. கிளின்ட் ஈஸ்ட்வுட், லீ வான் கிளீஃப் இருவரும் ஆங்கிலத்தில் சொந்தக் குரல் கொடுத்ததால் அவர்கள் படங்களுக்கு ஆங்கிலம். நாயகனும் வில்லனும் இத்தாலியர் என்றால் இத்தாலிய ஒலி.

நீண்ட வடிவங்களில் நடுவே திடீரென்று இத்தாலிய மொழி வந்தால் திகைக்க வேண்டாம். ஆங்கில டப்பிங்குக்கு முன்பே வெட்டப்பட்ட காட்சி அது, ஆங்கிலக் குரலே பதிவாகவில்லை. ‘தி பிக் கன்டவுன்’ (1966) முழு வடிவம் அப்படித்தான் இருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் சப்டைட்டில் போடுங்கள். ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’க்கு 2003-ல் ஈஸ்ட்வுட்டும் ஈலை வாலக்கும் மறுபடி வந்து பேசிக்கொடுத்தார்கள், வான் கிளீஃப் 1989-லேயே காலமானதால் அவருக்கு வேறு குரல். கூர்ந்து கேட்டால் வயதான குரல் தெரியும்.

சப்டைட்டில் பொருந்தவில்லை. என்ன செய்வது?

எப்படிப் பொருந்தவில்லை என்று முதலில் பாருங்கள். படத்தின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் சோதியுங்கள்.

மூன்றிலும் ஒரே அளவு இடைவெளி என்றால், விஎல்சியில் ‘ஜி’ விசை சப்டைட்டிலை முன்னே இழுக்கும், ‘ஹெச்’ விசை பின்னே தள்ளும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் நொடியில் இருபதில் ஒரு பங்கு. இடைவெளி போகப்போகக் கூடினால், அது 24-க்கும் 25-க்கும் உள்ள வேறுபாடு. ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் விலகிவிடும். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் சட்டக வேகத்தை 25-லிருந்து 23.976-க்கு மாற்றிச் சேமித்தால் சரியாகும். நன்றாக வந்துகொண்டிருந்து ஓரிடத்தில் சட்டென்று தாவினால், உங்கள் படமும் சப்டைட்டிலும் வெவ்வேறு வெட்டு. அதை இழுத்துச் சரிசெய்ய முடியாது. உங்கள் பிரதியின் ஓட்ட நேரம் குறிப்பிட்ட வேறு கோப்பைத் தேடுங்கள்.

சப்டைட்டில் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தக் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள். படக் கோப்பும் சப்டைட்டில் கோப்பும் ஒரே பெயரில் ஒரே போல்டரில் இருந்தால் டிவி தானாக எடுத்துக்கொள்ளும்.

மொபைல் டேட்டா மட்டும்தான் இருக்கிறது. மூன்று மணி நேரப் படத்துக்குத் தாங்குமா?

நடுத்தரத் தரத்தில் மணிக்கு சுமார் 0.7 ஜிபி, எச்டியில் 3 ஜிபி வரை போகும். 165 நிமிடப் படம் நடுத்தரத்தில் 1.9 ஜிபி. நாள் ஒன்றுக்கு 1.5 ஜிபி திட்டம் என்றால் கடைசிச் சண்டைக்கு முன்னால் டேட்டா தீர்ந்துவிடும். செயலியிலேயே பதிவிறக்கும் வசதி இருந்தால் இரவு 11 மணிக்குப் பாதியைத் தொடங்குங்கள். 12 மணிக்குப் புது ஒதுக்கீடு வந்ததும் மீதி இறங்கும். தூரக் காட்சிகள் நிறைந்த படம் என்பதால் மிகக் குறைந்த தரத்துக்குப் போக வேண்டாம். தொலைவில் வரும் குதிரைக்காரன் வெறும் புள்ளியாகக்கூடத் தெரியமாட்டான்.

பென்டிரைவில் போட்டால் டிவி எடுக்கவில்லையே?

கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருந்து பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் நகலே ஆகாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள் (உள்ளே இருப்பது எல்லாம் அழியும், முதலில் வேறு இடத்தில் வையுங்கள்). படம் வந்து ஒலி வரவில்லை என்றால் டிடிஎஸ் ஒலி, பல டிவிகளுக்கு அது தெரியாது. மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்தால் இரண்டும் தீரும்.

பரணில் பழைய வீடியோ கேசட் கிடக்கிறது. ஓட்டிப் பார்க்கலாமா?

உடனே போடாதீர்கள். கேசட்டின் மேல்மூடியைத் தூக்கி, சிறு ஜன்னல் வழியாக டேப் சுருளின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடிபோல, வட்ட வட்டமாகத் தெரிந்தால் பூஞ்சணம். அதை ஓட்டினால் விசிஆரின் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். பூஞ்சணம் இல்லை என்றாலும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் வைத்து ஈரம் எடுங்கள். பிறகு முழுவதும் ஒருமுறை முன்னே ஓட்டி, பின்னே சுற்றி, அதன்பின் ஓட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் கணினியில் பதிவு செய்துவிடுங்கள்: 720-க்கு 576, நொடிக்கு 25 சட்டகம். அடுத்த ஓட்டத்துக்கு டேப் தாங்கும் என்று நினைக்க வேண்டாம்.

டிஸ்குகள் இங்கே சீக்கிரம் கெட்டுப்போகின்றன. உப்புக் காற்றா?

ஆம். டிஸ்குக்குள் அலுமினியப் படலம் இருக்கிறது; விளிம்பின் ஒட்டு சரியில்லாத டிஸ்கில் ஈரமும் உப்பும் நுழைந்தால் அது அரிக்கும். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். ஊசிமுனை அளவில் ஒளி கசிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. அந்த டிஸ்கை அன்றே நகல் எடுத்துக்கொள்ளுங்கள், துடைத்துச் சரியாகாது.

பாம்பன், மண்டபம் போல இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊரில் ஜன்னலோர அலமாரி கூடாது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், நெட்டாக நிறுத்தி, சிலிகா ஜெல்லோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் ஜெல்லை வெயிலில் காயவைத்து மாற்றுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடி, படிக்கவே முடியாமல் போகும். பிளேயரும் பழுதாகும்: வாரக்கணக்கில் போடாமல் வைத்தால் லென்ஸில் உப்புப் படலம் படியும். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.

டெலிகிராமில் எல்லாம் கிடைக்கிறதே?

உரிமை மீறல் என்பது முதல் விஷயம். அதைத் தாண்டியும், அங்கே எந்த வெட்டு, எந்த விகிதம் என்று யாரும் எழுதுவதில்லை. வெட்டுப்பட்ட வடிவத்தை முழுப்படம் என்று நம்பிப் பார்த்துவிடுவீர்கள். படம் என்று சொல்லி ‘டாட் இஎக்ஸ்இ’ அல்லது ‘டாட் ஏபிகே’ கோப்பு வந்தால் தொடவே வேண்டாம். படக் கோப்பு ஒருபோதும் அந்த வடிவில் இருக்காது.

டெக்ஸ் வில்லர் படமாக வந்திருக்கிறதா?

சிவகாசி லயன் காமிக்ஸில் டெக்ஸைப் படித்து வளர்ந்தவர்கள் தவறாமல் கேட்பது. வந்திருக்கிறது: 1985, இத்தாலி, இயக்கம் துச்சியோ தெஸ்ஸாரி, டெக்ஸாக ஜூலியானோ ஜெம்மா, அவரது கூட்டாளி கார்சனாக வில்லியம் பெர்கர். இத்தாலியப் பெயர் ‘டெக்ஸ் எ இல் சிஞ்ஞோரே தெல்யி அபிஸ்ஸி’. ஆங்கிலத்தில் ‘டெக்ஸ் அண்ட் தி லார்ட் ஆஃப் தி டீப்’. இரண்டு பெயரிலும் தேடுங்கள். மாயமந்திரம் கலந்த கதை என்பதால் காமிக்ஸின் வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஜெம்மாவின் சட்டையும் தொப்பியும் மட்டும் அட்டைப்படத்திலிருந்து இறங்கி வந்ததுபோல இருக்கும்.

தடைக்காலத்தில் எல்லோரும் கரையில் இருப்பார்கள். மொட்டை மாடியில் போட்டுக் காட்டலாமா?

வீட்டாரும் உறவினரும் பார்ப்பதற்குத் தடையில்லை. மன்றம், நூலகம், கோயில் திடல் என்று பொதுவில் காட்டுவது வேறு. வீட்டு டிஸ்க் அதற்குச் செல்லாது. உரிமையாளரின் அனுமதியும் தணிக்கைச் சான்றிதழும் வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கச்சான் காற்று கிளம்பிவிட்டால் திரை பாய்மரமாகிவிடும்; ஏப்ரல் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. 2.35:1 படத்துக்குப் பத்தடி அகலத் திரை என்றால் நாலேகால் அடி உயரம் போதும், அந்தத் தாழ்ந்த உருவமே காற்றுக்கும் நல்லது. வெள்ளைக் காடாத்துணியின் கீழ் விளிம்பை மடித்துத் தைத்து, மணல் நிரப்பிய பிவிசி குழாயை நுழையுங்கள். நான்கு மூலையிலும் நைலான் கயிறு. அதைக் கட்ட உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவு ஏழு மணிக்கு மேல் தொடங்குங்கள். அதற்கு முன் போட்டால் இரவுக் காட்சிகள் எதுவும் தெரியாது.

எந்தப் பெயரிலும் எந்த நாட்டிலும் இல்லை. படமே அழிந்திருக்குமா?

பேசாப் படம் என்றால் வாய்ப்பு அதிகம். அமெரிக்கப் பேசாப் படங்களில் சுமார் 70 சதவீதம் இன்று இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 2013 ஆய்வு சொல்கிறது. அந்தக் காலச் சுருள் நைட்ரேட்; வெப்பத்தில் தானே தீப்பிடிக்கும். 1937 ஜூலையில் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் கிடங்கு எரிந்தபோது டாம் மிக்ஸின் கௌபாய் படங்களில் பல அதோடு போயின.

ஆனாலும் பட்டியலைப் பார்க்காமல் முடிவுகட்ட வேண்டாம். ஜான் ஃபோர்டின் முதல் முழுநீளப் படமான ‘ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்’ (1917) பல காலம் இல்லை என்றே நினைக்கப்பட்டு, பின்னர் செக் நாட்டு ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், எந்த அமெரிக்கப் பேசாப் படம் எந்தக் காப்பகத்தில், எத்தனை சுருள் மிஞ்சியிருக்கிறது என்ற தரவுத்தளத்தைப் பொதுவில் வைத்திருக்கிறது. மூலப்பெயரையும் ஆண்டையும் அதில் இட்டுப் பாருங்கள். ‘முழுமையற்றது’ என்று வந்தால் எத்தனை சுருள் என்ற இடத்தைப் படியுங்கள். ஐந்தில் நான்கு சுருள் இருந்தால் அது பார்க்கத்தக்க படம்தான்.